பாராசூட் வீரர்கள் படம், சின்ன பட்ஜெட்: குதிக்கும் காட்சியை எப்படி எடுப்பது?

கையில் காசு குறைவு, ஆனாலும் போர்ப்படம்தான் எடுப்பேன் என்பவர்கள் பாராசூட் வீரர்கள் பக்கம் போவதில் நியாயம் இருக்கிறது. டாங்கிப் படை வேண்டாம், கப்பல் வேண்டாம், ஆயிரம் பேர் ஓடிவரும் கடற்கரை வேண்டாம். எதிரி எல்லைக்குள் வழிதவறி விழுந்த ஐந்தாறு பேர், ஒரு காடு, ஒரு இரவு, இவ்வளவை வைத்தே ஒரு படத்தை முடித்துவிடலாம். ஆனால் திரைக்கதையின் முதல் சில பக்கத்துக்குள் ஒருத்தன் விமானத்திலிருந்து குதித்தாக வேண்டும், பாதிப்பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நிஜமாகவே குதிக்க வைப்பதா, சிஜி (கணினியில் உருவாக்கும் காட்சி) போடுவதா, பழைய ஆவணக் காட்சியை ஒட்டுவதா, விமானத்தின் உள்பக்கத்தை மட்டும் செட் போடுவதா, இல்லை ஒன்றும் காட்டாமல் தரையிலிருந்தே ஆரம்பிப்பதா?

என் சாய்வு எந்தப் பக்கம் என்று முன்பே சொல்லிவிடுகிறேன். வானத்துக்குச் செலவழிக்கும் காசு பெரும்பாலும் வீண். விமானத்தின் கதவு வரைக்கும் காட்டுங்கள், அப்புறம் தரையைக் காட்டுங்கள், நடுவில் உள்ளதைச் சத்தத்திடம் விட்டுவிடுங்கள். ஆனால் இது எல்லாக் கதைக்கும் பொருந்தாது. சில கதைகளுக்கு இந்த வழியே தப்பு.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, கதையில் மணி என்ன? இரண்டாம் உலகப் போரை எடுத்துக்கொண்டால், பிரான்சின் நார்மண்டியில் அமெரிக்க வீரர்கள் குதித்தது 1944 ஜூன் 6, நள்ளிரவு தாண்டி. தெற்கு பிரான்சில் லெ முய் என்ற ஊரைச் சுற்றிக் குதித்தது அதே ஆண்டு ஆகஸ்ட் 15 விடிவதற்கு முன், தரையெல்லாம் பனிமூட்டம். ஹாலந்தில் செப்டம்பர் 17 அன்று பட்டப்பகலில் குதித்தார்கள். கிரீட் தீவில் ஜெர்மானியர் குதித்தது 1941 மே 20, காலை வெளிச்சத்தில். இரவுக் கதை என்றால் உங்கள் குறைகளில் பாதியை இருட்டே மறைத்துவிடும், பகல் கதை எதையும் மறைக்காது. கதைக்கு நாள் குறிக்கும்போதே பட்ஜெட்டில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது என்பது பலருக்குப் பிறகுதான் தெரிகிறது.

அடுத்தது, எத்தனை வினாடி வேண்டும்? போர்க்காலத்தில் 600, 700 அடி உயரத்திலிருந்தெல்லாம் குதித்திருக்கிறார்கள். குடை விரிந்த பிறகு வினாடிக்கு ஏறக்குறைய 20 அடி வீதம் இறங்குவார்கள், முதுகிலும் வயிற்றிலும் காலிலும் கட்டியிருந்த சுமைக்கு இன்னும் வேகமாகவே. ஆக, ஒருவன் காற்றில் இருப்பது சுமார் அரை நிமிடம். நிலவொளியில் இரண்டு நிமிடம் மிதந்தபடி வீட்டை நினைத்து உருகும் காட்சி எழுதியிருந்தால் அதைத் தயங்காமல் வெட்டலாம், வரலாறும் உங்கள் பக்கம், தயாரிப்பாளரும் உங்கள் பக்கம்.

மூன்றாவது, அந்த நேரத்தில் நடிகரின் முகம் தெரிய வேண்டுமா? தெரிய வேண்டும் என்றால் நிஜக் குதிப்பு உங்களுக்கு ஏறக்குறைய பயனில்லாதது, ஏனென்றால் குதிப்பது உங்கள் நடிகராக இருக்காது.

அப்புறம் ஆபத்தும் அனுமதியும் காப்பீடும். கடைசியாக, ஷூட்டிங் முடிந்து எடிட்டிங்குக்கு வந்த பிறகு எவ்வளவு வேலை பாக்கி இருக்கும் என்பது. இதை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை, சின்னப் படங்கள் செத்துப்போவதும் இங்கேதான்.

## வழி 1: குதிப்பையே காட்டாமல் தரையிலிருந்து ஆரம்பிப்பது

கறுப்புத் திரை. என்ஜின் இரைச்சல், துணி படாரென்று விரியும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. கண் திறந்தால் ஒருத்தன் மரத்தில் தொங்குகிறான். இதற்கு ஒரு பழைய குடையும், இடுப்புப் பட்டைகளும், ஒரு மரமும், ரோப் கட்டத் தெரிந்த ஒரு ஸ்டண்ட் ஆளும் போதும்.

இது ஏமாற்று வேலை மாதிரி தோன்றலாம். உண்மையில் பாராசூட் தாக்குதல்களின் கதையே இறங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. நார்மண்டியில் 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் சுமார் 13,000 அமெரிக்க வீரர்களைக் கொண்டுவந்தன. மேகமும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளும் சேர்ந்து வரிசைகளைக் கலைக்க, விழ வேண்டிய இடத்தில் விழுந்தவர்கள் கொஞ்சம்தான். முன்பின் தெரியாத வேறு பிரிவு ஆட்களோடு சேர்ந்து சின்னச் சின்னக் கும்பலாகப் போரிட்டார்கள். தெற்கு பிரான்சிலும் அதே கதைதான், லெ முய் பக்கம் இறங்க வேண்டிய சிலர் செயின்ட் ட்ரோப்பே கடற்கரைப் பக்கம் போய் விழுந்தார்கள். உங்களிடம் ஆறு நடிகர்கள்தான் இருக்கிறார்கள் என்பது இங்கே குறையே இல்லை, வரலாறே அப்படித்தான் இருந்தது. பனிமூட்டமும் உண்மை என்பதால் ஸ்மோக் மெஷினை வெட்கப்படாமல் ஓட்டலாம், பின்னணியில் இருக்கும் மின்கம்பத்தை மறைக்க அதைவிட மலிவான சிஜி கிடையாது.

தரையில் நாடகத்துக்கும் பஞ்சமில்லை. அமெரிக்கர்களின் டி-5 பாராசூட்டில் பட்டைகளை ஒரே அமுக்கில் கழற்றும் வசதி இல்லை, கொக்கி கொக்கியாகக் கழற்ற வேண்டும். பிரிட்டிஷ் குடையில் அந்த வசதி இருந்தது. நார்மண்டியின் மெர்டெரெட் ஆற்றை ஒட்டிய வெள்ளக்காட்டில் விழுந்தவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில்கூட மூழ்கிச் செத்ததற்குச் சுமையும் இந்தப் பட்டைகளும்தான் காரணம். முழங்கால் தண்ணீர், ஒரு கத்தி, கழலாத ஒரு கொக்கி. இந்த ஒரு காட்சிக்கு முன்னால் ஐம்பது சிஜி குடைகள் நிற்காது. ஜெர்மானியர் பக்கக் கதை என்றால் இன்னொரு வாய்ப்பு உண்டு. கிரீட்டில் அவர்களில் பெரும்பாலானவர்கள் கையில் துப்பாக்கியோடு குதிக்கவில்லை, பெரிய ஆயுதங்கள் தனிப் பெட்டிகளில் இறங்கின. இறங்கியவன் பெட்டியைத் தேடி ஓட வேண்டும், நடுவில் எதிரி.

மறைந்திருக்கும் செலவு என்ன? வானத்தில் மிச்சம் பிடித்தது முழுக்க உடைகளுக்கும் பொருட்களுக்கும் போய்விடும். படம் முழுவதும் தரையில் நடப்பதால் கேமரா பக்கத்திலேயே நிற்கும், கோட்டுப் பட்டன்வரை தெரியும். அமெரிக்க வீரர்களுக்கு நார்மண்டியில் எம்-42 உடை, ஹாலந்து வரும்போது எம்-43. இதை மாற்றிப்போட்டால் விஷயம் தெரிந்த ரசிகர்கள் விடமாட்டார்கள், போர்ப்படத்துக்கு வரும் முதல் கூட்டமே அவர்கள்தான். இங்கேயும் தெற்கு பிரான்ஸ் கதை கைகொடுக்கும். அங்கே குதித்தவர்கள் கிளம்புமுன் உடைகள் மேலேயே பச்சையும் கறுப்புமாகப் பெயின்ட் ஸ்ப்ரே அடித்துக்கொண்டார்கள். தையல் வித்தியாசமும் நிற வித்தியாசமும் அந்தப் பெயின்ட்டுக்குள் போய்விடும்.

இன்னொன்றும் இருக்கிறது, பார்க்கிறவர்களின் எதிர்பார்ப்பு. போஸ்டரில் குடைகளை வரைந்துவிட்டு படத்தில் ஒரு குடைகூட விரியவில்லை என்றால் திட்டுவார்கள். குதிக்காத பாராசூட் வீரர்களைப் பற்றிய கதையாகவே எழுதிவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. 1944 டிசம்பரில் பெல்ஜியத்தின் பஸ்டோனுக்கு அமெரிக்க பாராசூட் படையின் 101-வது டிவிஷன் லாரியில்தான் போனது. அதே ஆண்டு மார்ச்சில் மணிப்பூரின் சங்ஷாக்கில் 50-வது இந்திய பாராசூட் பிரிகேட் காலாட்படையாகத்தான் நின்று ஜப்பானியரைத் தடுத்தது. அங்கே குடையில் இறங்கியது சாமான்கள் மட்டும், அதிலும் பெரும்பகுதி எல்லைக்கு வெளியே போய் எதிரி கையில் விழுந்தது. தண்ணீர் தீர்ந்துபோன வீரர்கள் தங்கள் சாப்பாடு எதிரி பக்கம் மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதை எடுக்க இரண்டு குடை போதும்.

## வழி 2: விமானத்தின் உள்பக்கம் மட்டும் செட்

எனக்குப் பிடித்த வழி இது. பாராசூட் வீரர்களை ஏற்றிச்சென்ற சி-47 விமானத்தின் உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை, செட் போடுகிறவருக்கு அதுவே வரம். வளைந்த விலா எலும்புகள் மாதிரியான சட்டங்கள், இரண்டு பக்கமும் எதிரெதிராக உட்காரும் உலோக இருக்கைகள், தலைக்கு மேலே நீளமாக ஓடும் கம்பிவடம் (குதிக்கும்போது குடையை இழுத்துத் திறக்கும் கயிற்றை இதில்தான் மாட்டுவார்கள்), பின்னால் இடதுபுறம் ஒரு கதவு, அதன் பக்கத்தில் சிவப்பும் பச்சையும் விளக்கு. முழு விமானம் வேண்டாம். ஒரு பக்கச் சுவரைக் கழற்றிவைக்கிற மாதிரி பாதி நீளம் கட்டினால் ஒன்பது பத்துப் பேரை உட்காரவைத்து எடுத்துவிடலாம். கதவுக்கு வெளியே கறுப்புத் துணி, ஒரு பெரிய மின்விசிறி, அவ்வப்போது வெடிப்பு மாதிரி மின்னும் ஒரு லைட். செட்டுக்கு அடியில் டயர் ட்யூப் வைத்து நான்கு பேர் ஆட்டினால் போதும். கேமராவை மட்டும் குலுக்குவது கண்டிப்பாகத் தெரிந்துவிடும், ஏனென்றால் தொங்கும் கயிறும் ஆட்களின் தோளும் அதோடு சேர்ந்து ஆடுவதில்லை.

காட்சிக்கான நாடகத்தை ராணுவமே எழுதி வைத்திருக்கிறது. எழுந்து நில், கயிற்றை மாட்டு, முன்னால் இருப்பவன் கட்டுகளைச் சரிபார், பிறகு கடைசி ஆளிலிருந்து கதவை நோக்கி ஒவ்வொருவராக எண் சொல்லிச் ‘சரி’ என்று கத்துவது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அந்த விளக்கு பச்சையாகும்வரை நீங்கள் எவ்வளவு நேரம் இழுத்தாலும் பார்ப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் போன பிறகு காலி விமானத்தில் அந்த வடத்தில் மாட்டிய கயிறுகள் கதவுக்கு வெளியே படபடத்துக்கொண்டிருக்கும், அந்த ஷாட்டுக்குத் தனியாகச் செலவே இல்லை, செட்டில் விளக்கணைக்குமுன் எடுத்துவிடலாம்.

அருங்காட்சியகத்தில் நிற்கும் நிஜ விமானத்தில் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். எடுக்கலாம், ஆனால் இடம் குறுகல். புகை விடக்கூடாது, சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, பார்வையாளர்கள் வருமுன் கிளம்ப வேண்டும் என்று நிபந்தனைகள் வரும், சுவரைக் கழற்றி கேமரா வைக்கவும் முடியாது. வெளிப்புறத்துக்கு மட்டும், அதாவது வீரர்கள் படியேறும் காட்சிக்கு மட்டும் அங்கே ஒரு அரைநாள் வாங்குவது நல்ல பேரம்.

இங்கே மறைந்திருக்கும் செலவு சத்தம். செட்டில் பதிவான வசனம் எதுவும் தேறாது, மின்விசிறி விழுங்கிவிடும், ஆகவே டப்பிங் முழுதாக வரும். இரட்டை என்ஜின் இரைச்சலை ஒரே கோப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிச் சமாளித்தால் காதில் உறுத்தும். செட்டுக்குப் போட்ட காசில் கொஞ்சத்தை சவுண்ட் செய்பவருக்கு ஒதுக்கிவிடுங்கள்.

பகல் கதைக்கு இந்த வழி பாதிதான் வேலை செய்யும். கதவுக்கு வெளியே வானமும் பக்கத்து விமானங்களும் தெரிந்தாக வேண்டும், கறுப்புத் துணிக்குப் பதில் கிரீன் மேட் (பின்னணியை கணினியில் மாற்ற வைக்கும் பச்சைத் திரை) வந்துவிடும், அதோடு வழி 4-இன் தலைவலியும் கூடவே வரும்.

## வழி 3: பழைய ஆவணக் காட்சிகள்

அமெரிக்க அரசு ஊழியர்கள் வேலையின் பகுதியாக எடுத்த படங்களுக்கு அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை கிடையாது. போர்க்காலத்தில் அந்த ராணுவத்தின் கேமரா ஆட்கள் எடுத்த ஏராளமான சுருள்கள் அங்கே தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இலவசம் என்றதும் எல்லோரும் இதில்தான் முதலில் குதிக்கிறார்கள்.

இலவசம் உரிமைக்குத்தான். நல்ல தரத்தில் ஸ்கேன் வேண்டுமானால் காசு. இணையத்தில் கிடைக்கும் நகல் பெரிய திரையில் கஞ்சியாகத் தெரியும். அதே காட்சி ஒரு தனியார் செய்திப்பட நிறுவனத்தின் தொகுப்புக்குள் இருந்தால் அதன் உரிமை வேறு கதை. லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகம் மாதிரி இடங்களில் உரிமக் கட்டணம் உண்டு. சதுரத்துக்கு நெருக்கமான பழைய சட்டகத்தை உங்கள் அகலத் திரைக்குப் பொருத்தினால் தலையோ காலோ வெட்டுப்படும்.

இதைவிடப் பெரிய பிரச்சினை, நார்மண்டியில் அமெரிக்கர்கள் குதித்த காட்சி என்று நீங்கள் தேடுவது அநேகமாக இருக்காது. இருட்டில் அன்றைய ஃபிலிமில் என்ன பதிவாகும்? கிடைப்பவை பயிற்சிக் காட்சிகள், ஹாலந்துப் பகல் குதிப்பு, 1945 மார்ச் 24-இல் ரைன் நதியைத் தாண்டிக் குதித்தது. (அந்த நாளில் புகைப்படக்காரர் ராபர்ட் காபாவும் கூடவே குதித்தார்.) இரவுக் கதையில் பகல் காட்சியை இருட்டாக்கி ஒட்டினால் வானம் காட்டிக்கொடுத்துவிடும்.

எப்போது இது சரி? படத்தையே கறுப்பு வெள்ளையில், பழைய சட்டக அளவில், கொஞ்சம் செய்திப்படச் சாயலில் எடுக்க முதலிலேயே முடிவு செய்திருந்தால். அப்போது இதை மிஞ்ச ஒன்றுமே இல்லை, ஆயிரக்கணக்கான நிஜக் குடைகள் உங்கள் படத்தில் வரும். நடுவில் மாட்டிக்கொண்ட பிறகு அவசரத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியாக மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள்.

## வழி 4: கிரீன் மேட், சிஜி

நடிகரை ரோப்பில் தொங்கவிட்டு முகத்துக்கு க்ளோஸ்-அப், பின்னால் சிஜி வானம், தூரத்தில் குடைகள். முகம் தெரியும், ஆபத்து குறைவு, மழை வந்தாலும் கவலையில்லை. இரவென்றால் இன்னும் சுலபம், தூரத்துக் குடைகள் வெடி வெளிச்சத்தில் ஒரு கணம் தெரிந்து மறைந்தால் போதும்.

பகலில் மாட்டிக்கொள்வீர்கள். துணி கஷ்டமான விஷயம். டி-5 குடை 28 அடி அகலம், 28 கயிறுகள், காற்றில் அது மூச்சுவிடுவதுபோல் சுருங்கி விரியும், ஆள் ஊசலாடுவான், பக்கத்துக் குடை வேறு தாளத்தில் ஆடும். மலிவு சிஜியில் எல்லாக் குடையும் ஒரே மாதிரி, ஒரே வேகத்தில், வரிசை கலையாமல் இறங்கும். பார்ப்பவருக்கு எது தப்பென்று சொல்லத் தெரியாது, ஆனால் பொய் என்று தெரிந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு திருத்தங்கள். நண்பர் ஒருவர் இலவசமாகச் செய்துதருகிறேன் என்பார், அவருக்குக் காசு தரும் வேலை வந்ததும் உங்கள் ஷாட் வரிசையில் கடைசிக்குப் போகும், நியாயம்தானே. எட்டு ஷாட் திட்டமிட்டிருந்தால் மூன்றாகக் குறையுங்கள், அதில் ஒன்றை ஷூட்டிங்குக்கு முன்பே சோதனையாகச் செய்து பாருங்கள், லைட் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை அப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

## வழி 5: நிஜமாகவே குதிக்க வைப்பது

பழைய பாணி வட்டக் குடையில், பழைய உடையில், நிஜ விமானத்திலிருந்து குதிக்கும் தன்னார்வக் குழுக்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஃப்ரெடெரிக் என்ற ஊரிலுள்ள பழைய விமானத்தளத்தில் அப்படி ஒரு குழு இயங்குகிறது, ஐரோப்பாவிலும் உண்டு. 2019 ஜூனில் நார்மண்டி 75-ஆம் ஆண்டு நினைவுக்கு இருபதுக்கும் மேற்பட்ட பழைய விமானங்கள் ஒன்றுகூடின. இந்த மாதிரி நிகழ்ச்சிக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு போய்ப் படமெடுத்தால் உங்களால் கனவிலும் வாடகைக்கு எடுக்க முடியாத காட்சி கிடைக்கும். கேமராவை மேலே தூக்கி வையுங்கள், கீழே கார் நிறுத்துமிடமும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்த கூட்டமும் இருக்கும்.

நீங்களே ஏற்பாடு செய்வதென்றால் கதை மாறிவிடும். சி-47 ஒரு மணி நேரத்துக்கு நூறு கேலன் அளவுக்குப் பெட்ரோல் குடிக்கும். வட்டக் குடைக்குக் காற்று ஒத்துக்கொள்ள வேண்டும். தரையில் காற்று 13 நாட் (மணிக்கு சுமார் 24 கி.மீ.) வேகத்துக்கு மேல் போனால் அமெரிக்க ராணுவமே பயிற்சிக் குதிப்பை நிறுத்தும். அன்று காற்று அடித்தால் எல்லோருடைய சம்பளமும் சாப்பாடும் போச்சு. இரண்டாவது டேக் என்றால் இன்னொரு தடவை விமானம் ஏற வேண்டும். பாதுகாப்புக்காக அவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் பிற்காலத்துக் குடைகள், க்ளோஸ்-அப்பில் வித்தியாசம் தெரியும். முகமும் உங்கள் நடிகருடையது இல்லை. இரவுக் குதிப்புக்குச் சம்மதம் கிடைப்பது அரிது, பகலில் எடுத்து இரவாக்கலாம் என்றால் அந்த வித்தை வானம் சட்டகத்துக்குள் வராதவரைதான் பலிக்கும், இங்கேயோ சட்டகம் முழுக்க வானம்தான்.

பழகாத நடிகரையோ ஆர்வக்கோளாறு நண்பரையோ குதிக்க வைக்கும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். அதைப் பற்றி ஒப்பிட ஒன்றுமில்லை.

## ஒரே பார்வையில்

| | தரையிலிருந்து | உள்பக்க செட் | ஆவணக் காட்சி | சிஜி | நிஜக் குதிப்பு |
|---|---|---|---|---|---|
| செலவு | மிகக் குறைவு | நடுத்தரம் | குறைவு போலத் தோன்றும் | கணிக்க முடியாது | மிக அதிகம் |
| நடிகர் முகம் | தெரியும் | நன்றாகத் தெரியும் | தெரியாது | தெரியும் | தெரியாது |
| இரவுக் கதை | பொருந்தும் | மிகப் பொருந்தும் | பொருந்தாது | சமாளிக்கலாம் | பொருந்தாது |
| பகல் கதை | பொருந்தும் | பாதி | பொருந்தும் | கஷ்டம் | பொருந்தும் |
| பிறகு வரும் வேலை | சவுண்ட் | சவுண்ட், டப்பிங் | ஸ்கேன், நிறம், உரிமை | திருத்தம், மேலும் திருத்தம் | குறைவு |
| எங்கே அடிவாங்கும் | உடை, எதிர்பார்ப்பு | என்ஜின் சத்தம் | சட்டக அளவு | துணி, கயிறு | காற்று, காப்பீடு |

## எந்தக் கதைக்கு எது

இரவுக் கதை, ஆறு முதல் பத்து நடிகர்கள்: வழி 2-உம் வழி 1-உம் சேர்த்து. கதவுவரை செட், குதித்ததும் கறுப்பு, விரியும் துணியின் சத்தம், அப்புறம் மரமோ தண்ணீரோ. டி-5 குடை விரியும்போது உடம்பை உலுக்கிப் போட்டுவிடும், அந்த உலுக்கலுக்கு நடிகரின் தோளும் பட்டையும் மட்டும் தெரியும் ஒரு க்ளோஸ்-அப் ஷாட், ஒரே ஷாட், போதும்.

செட் போடவும் காசில்லை என்றால் வழி 1 மட்டும் வைத்துக்கொண்டு, கதையை விடியற்காலை மூட்டத்தில் ஆரம்பியுங்கள். நார்மண்டியில் 101-வது டிவிஷனுக்குக் கொடுத்த, இருட்டில் தன் ஆளை அடையாளம் காண ஒலியெழுப்பும் சின்ன ‘கிளிக்’ பொம்மையை மட்டும் வேறு நாள், வேறு பிரிவு கதையில் நுழைக்காதீர்கள், பல படங்களில் பார்த்துச் சலித்தும் போய்விட்டது.

பகல் கதைதான், மாற்றவே மாட்டேன் என்றால் கறுப்பு வெள்ளைக்குச் சம்மதமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சம்மதம் என்றால் வழி 3. வண்ணம்தான் வேண்டும் என்றால் நினைவு நிகழ்ச்சி ஒன்றுக்காகக் காத்திருந்து, அனுமதியோடு போய், தூரக் காட்சிகளை வழி 5-இல் எடுத்து, முகங்களை வழி 4-இல் மூன்று ஷாட்டுக்குள் முடியுங்கள். தேதி உங்கள் கையில் இருக்காது, அதனால் திரைக்கதையை முடித்ததும் தேட வேண்டிய முதல் விஷயம் அந்த நிகழ்ச்சியின் தேதிதான், லொகேஷன்கூட அப்புறம்.